பெயரற்றோர் நாயகராகும் சித்திரக்கதைகள்: மலையக வாசகரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சித்திரக்கதை என்றதும் முகஞ்சுளிப்பது எம்மிடையே நெடுங்கால வழக்கமாகிவிட்டது. மரபுவழித் தமிழறிஞர் அதனை இலக்கியமென ஏற்கமாட்டார், அதில் வியப்பில்லை. நாவல் தோன்றிய காலத்தில் அதனையும் அவர்கள் அவ்வாறே எதிர்கொண்டனர். முற்போக்கு விமர்சகரும் அதே முகச்சுளிப்போடு ஒதுங்கிக்கொண்டமையே விளக்கம் வேண்டுவது. க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) முதலான நூல்கள், ஓர் இலக்கிய வடிவத்தை அதன் சமுதாயப் பகைப்புலத்தில் வைத்து நோக்கும் முறையை எமக்குக் கற்பித்தன. வாசிகசாலை மேசையிலிருந்த நாவலுக்கு அம்முறையைப் பிரயோகித்த நாம், சலூன் வாங்கிலே அட்டை கிழிந்து கிடந்த சித்திரக்கதைக்கு அதனைப் பிரயோகிக்கவில்லை. தோட்டத்துச் சிறுவன் எழுத்துக்கூட்டிப் படித்தது பெரும்பாலும் இரண்டாவதையே.

பிறநாட்டு மார்க்சியர் இத்துறையில் முன்னரே இறங்கியுள்ளனர். சிலி நாட்டில், அயெந்தேயின் ஆட்சிக்காலமான 1971-இல், ஏரியல் டோர்ஃப்மன், ஆர்மண்ட் மத்தலார் என்னும் இருவர் டொனால்ட் டக் கதைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். வாத்துகளின் உலகில் உழைப்பாளி தென்படுவதேயில்லை. செல்வம் புதையலாகவே கிடைக்கின்றது. தூரதேசத்து மக்கள் வளர்ந்த குழந்தைகளாகவே தீட்டப்படுகின்றனர் என்பன அவர்கள் எடுத்துக்காட்டியவற்றுட் சில. 1973-இன் இராணுவச் சதிக்குப் பின்னர் அந்நூல் எரியூட்டப்பட்டது. வாத்துக்கதை பற்றிய நூலொன்றை எரிப்பதற்கு ஓர் இராணுவ ஆட்சி நேரம் ஒதுக்கிற்று என்பது, பொருள் அத்துணை விளையாட்டானதன்று என்பதற்குப் போதிய சான்று. ஆனால், டிஸ்னியை வாசித்துவிட்டு இவ்வடிவமே நஞ்சென்று தீர்ப்புக் கூறுவோருடன் எமக்கு உடன்பாடில்லை. இவ்வடிவத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று மாறான இரு போக்குகள் இயங்குகின்றன. ஒன்று ஆள்வோனை நாயகனாக்குவது. மற்றையது, நாயகராவதற்கு எவ்வகையிலும் தகுதியற்றோரெனக் கருதப்படும் புறத்தியாரை நாயகராக்குவது.

இக்கட்டுரையின் நோக்கம் குறுகியது. அட்டன், நுவரெலியாப் பகுதிகளிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றின் நூலகத்துக்குத் தமிழில் வெளிவந்துள்ள சித்திரக்கதைகளுள் எவற்றை வாங்கிவைக்கலாம்? ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்ட இக்கேள்விக்கு அறநெறி சார்ந்த விடையைத் தருவது எளிது. அதனை விடுத்து, மலையகத்தின் வரலாற்று அனுபவத்திலிருந்தே ஓர் அளவுகோலைப் பெற முயல்வோம்.

2

அந்த அளவுகோல், பெயர்.

தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்பது ஆளின் பெயரை மாத்திரம் குறிப்பதன்று. ஒருநாட் கூலியையும் குறிக்கும். கொழுந்து நிறுவையிலே குறித்த அளவு எட்டப்படாவிடின் அன்று ‘அரைப்பேர்’. ஓர் உயிரின் பெயர் செக்றோலில் ஏறினால் அது கூலி. ஏறாவிட்டால் அவ்வுயிர் அன்று உழைத்தமைக்கே சான்றில்லை. மனிதனது பெயரும் அவனது உழைப்புச் சக்தியின் விலையும் ஒரே சொல்லாகிவிட்ட இந்த வழக்கை விடவும் துலக்கமாகப் பெருந்தோட்ட உற்பத்தி முறையை விளக்கும் பொருளியல் நூல் இருக்குமோ என்பது ஐயமே.

பேரை அடுத்து வருவது கடதாசி. கங்காணியின் கடன்தொகை பொறிக்கப்பட்ட ‘துண்டு’ இல்லாமல் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவியலாதிருந்தது. அம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகளின் பின், 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையரதும் பாட்டன்மாரதும் பிறப்புக்குச் சான்று கோரிற்று. பிறப்புப் பதியப்படாத லயங்களில் அத்தகைய சான்றுக்கு எங்கே போவது? ஏறத்தாழ ஒரு சமூகம் முழுவதும் நாடற்றதாயிற்று. 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. நாடற்ற நிலைமைக்குச் சட்டத்தளவில் இறுதித் தீர்வு வந்தது 1988-இலும் 2003-இலும் நிறைவேறிய சட்டங்களாலேயே. இன்றைய மாணவரின் கையில் தேசிய அடையாள அட்டை உண்டு. ஆனால், லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இன்மையால் கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து தங்கிக் கிடந்த கதையை அவர்தம் வீட்டார் சொல்லக் கேட்டேயிருப்பர்.

இந்த வாசகர் ஒரு சித்திரக்கதையைக் கையிலெடுக்கும்போது, நாயகனுக்குப் பெயர் எவ்வாறு வந்தது என்று பார்ப்போமாயின் கதையின் வர்க்கச் சார்பு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

3

முதலில், நாம் பரிந்துரைக்காத கதையைக் கூறிவிடுவோம். லீ ஃபால்க் 1936-இல் அமெரிக்கப் பத்திரிகைகளுக்காகத் தொடங்கிய முகமூடி வீரர் மாயாவியை அறியாத தமிழ்ச் சித்திரக்கதை வாசகர் இரார். இந்தியாவில் 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அவரைத் தமிழிலும் கொணர்ந்தது. பின்னர் ராணி காமிக்ஸ் அவரை ஊரூராகக் கொண்டுசென்றது. முத்து காமிக்ஸில் அவரே வேதாளர்.

மாயாவி கறுப்பரின் காட்டில் வாழும் வெள்ளையர். காட்டுவாசிகள் அவரைச் சாவற்றவரென நம்புகின்றனர். உண்மையிலோ தந்தைக்குப் பின் மகனாக இருபத்தொரு தலைமுறை அதே உடையையும் அதே முத்திரை மோதிரத்தையும் அணிந்து வருகின்றது. நம்பவைக்கப்பட்ட மக்களே அக்குகையைக் காவல் காக்கின்றனர். அவருக்கு அடங்கிய வனக்காவற் படைக்கும் தன் தலைவர் யாரென்பது தெரியாது. கட்டளை மட்டும் வந்துசேரும். இலண்டனிலிருந்த ஸ்டேர்லிங் கம்பனிப் பங்குதாரரையும் கொழும்பிலிருந்த ஏஜென்சிக் கம்பனியையும் ஒருநாளும் கண்டறியாது, பெரிய துரையின் வாயிலாக வரும் கட்டளைக்குப் பிரட்டுக் களத்தில் விடியற்காலை நின்றவரின் பேரப்பிள்ளைகளுக்கு இவ்வமைப்பு புதியதன்று. துரை மாறுவார்; துரைத்தனம் மாறாது. மாயாவிக் கதை அந்த மாறாமையைப் புராணமாக்கித் தருகின்றது.

இந்தியப் பதிப்பாளர் இதனை ஓரளவு உணர்ந்தேயிருந்தனர் எனலாம். மூலத்தில் வங்காளத்தை நினைவூட்டும் நாட்டுப் பெயரை டெங்காலி என்றும், ‘சிங்’ என்னும் கடற்கொள்ளையரின் பெயரைச் ‘சிங்கா’ என்றும் மாற்றினர். வாசகர் புண்படாதிருக்கப் பெயரை மாற்றிய அவர்கள் உறவுமுறையை மாற்றவில்லை. அது அவர்களது பணியுமன்று.

மாயாவியைத் தடைசெய்ய வேண்டுமென நாம் கூறவில்லை. 1970-களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து வெளியீட்டு முயற்சிகள் தழைத்தன, அந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், தரமான மாற்று எதனையும் சிறுவர்க்குத் தராமல் கதவை மட்டும் சாத்தினால் விளைவு என்னவாகும் என்பதையும் அக்காலமே காட்டிற்று. வகுப்பறையில் ஆசிரியரோடு சேர்ந்து படிக்கத்தக்க எதிர்நிலை நூலாக மாயாவிக்கு இடமுண்டு. தனியே படிக்கக் கொடுப்பதற்கு வேறு நூல்கள் உள்ளன.

4

சிவகாசியில் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. தமிழ்ச் சித்திரக்கதையின் வரலாற்றில் அவ்விதழ் பெற்ற இடம் யாவரும் அறிந்ததே. மூலக்கதை 1962-இல் ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கில வார இதழில் தொடங்கியது. முதலில் கென் புல்மரும் பின்னர் டொம் டல்லியும் எழுத, ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்தார்.

இந்நாயகனின் தோற்றுவாயை எவரும் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை. லூயிஸ் கிரான்டேல் விஞ்ஞானியல்லன், விஞ்ஞானியின் உதவியாள். ஆய்வுகூட விபத்தொன்றில் வலது கையை இழந்தவன். அதற்கு ஈடாக இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மற்றொரு விபத்தில் உயர்மின்னழுத்தம் பாய அவன் உடல் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. இரும்புக்கை மாத்திரம் தெரிகின்றது. தொழில் விபத்தில் ஊனமுற்ற ஒரு கீழ்நிலை ஊழியன் என்பதைத் தவிர அவனிடம் வேறு எவ்விதப் பெருமையும் இல்லை. அவனது முதற் செயலும் வீரச்செயலன்று. மனங்கசந்து குற்றத்திலே இறங்குகின்றான். நாயகனாவது பிறகே.

ஆள் மறைந்து கை மாத்திரம் தெரிகின்ற அந்தக் காட்சியை ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கண்ணால் நோக்குக. ஆங்கிலத்தில் தொழிலாளரைக் ‘கைகள்’ என்றே முதலாளித்துவம் எண்ணி வந்தது. தோட்டத்திலும் நிறுவைக்கு வருவது கை பறித்த கொழுந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பறிப்பதற்குக் கிடைப்பது ‘கைக்காசு’. கொழும்பிலோ இலண்டனிலோ தேநீர் அருந்துபவருக்கு, விளம்பரத்திலே கொழுந்தைக் கிள்ளும் இரு விரல்கள் தெரியும்; விரலுக்குரியவர் தெரியார். கிரான்டேல் வேண்டியபோது மறைந்து மீண்டும் உருக்கொள்கின்றான். தோட்டத் தொழிலாளிக்கு அந்த வசதி இருந்ததில்லை. ஆகவேதான் அக்கதை லயத்திலே வேறு பொருள் தந்தது என்பது எமது துணிபு. தொழிற்சாலையில் மின்சாரம் இரைந்துகொண்டிருக்க, லயத்துக் காம்பராவிலே குப்பிலாம்பு வெளிச்சத்தில் அக்கதையைப் படித்த தலைமுறையினர், மின்சாரத்தைத் தொட்டுப் பலம் பெறும் ஒருவனைக் கண்டு வியந்தது வெறும் மாயாஜால மோகம் என்று தள்ளிவிடத்தக்கதன்று.

பிளாஸ்கோவின் கோட்டோவியமும் இதற்கு உதவியது. நிழலை அவர் கையாளும் திறமை அசாதாரணமானது. வெறும் அறை, திறந்த கதவு, அந்தரத்தில் ஒரு கை: இம்மூன்றையும் வைத்தே அச்சத்தை எழுப்பிவிடுவார். மலிவுக் கடதாசியில் கறுப்பு மை ஊறிப்போன பதிப்புகளிலும் அந்நிழல்கள் நிலைத்தன.

இதன் குறையையும் சொல்லவேண்டும். கிரான்டேல் பின்னாளில் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகின்றான். விபத்துக்கு நட்டஈடு கேட்டிருக்க வேண்டிய தொழிலாளி அரசின் ஆயுதமாகிவிடுகின்றான். கையின் விரல்களும் துப்பாக்கியாகின்றன. முந்திய கதைகளே வலியவை. பிந்தியவை பெரும்பாலும் யந்திர விநோதங்கள்.

5

லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்ற கதையோடு தொடங்கியது. தமிழ்ச் சித்திரக்கதை இதழொன்று ஒரு பெண்ணை நாயகியாக வைத்துத் தன் முதல் அடியை எடுத்துவைத்தமை குறிப்பிடத்தக்கது. அதனினும் குறிப்பிடத்தக்கது அப்பெண்ணின் பிறப்பு வரலாறு. பீட்டர் ஓ’டோனல் எழுத்தில், ஜிம் ஹோல்டவேயின் ஓவியத்தில், 1963-இல் இலண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ பத்திரிகையில் அறிமுகமான மாடஸ்டி பிளைஸி ஓர் அகதி. யுத்தத்தில் பெற்றோரை இழந்து கிரேக்கத்து அகதி முகாமொன்றிலிருந்து தப்பியோடிய சிறுமி. தான் யாரென்ற நினைவும் அற்றவள். வழியிலே சேர்ந்த முதிய அறிஞர் ஒருவர் அவளுக்கு எழுத்தறிவித்து மாடஸ்டி என்ற பெயரையும் தருகின்றார். பிளைஸ் என்பதைப் பழங்கதையொன்றிலிருந்து அவளே எடுத்துக்கொள்கின்றாள். ஓ’டோனல் 1942-இல் போர்வீரராகப் பாரசீகத்தில் இருந்தபோது கண்ட, தனித்தலைந்த அகதிச் சிறுமி ஒருத்தியே இப்பாத்திரத்தின் ஊற்று என அவரே கூறியிருக்கின்றார்.

அவள் பிரித்தானியப் பிரசாவுரிமை பெறுவது எவ்வாறு? ஓர் ஆங்கிலேயரை மணந்து. அம்மணவாழ்வு நிலைக்கவில்லை, பெயருக்கு ஒரு திருமணம், உரிமைக்கு ஒரு கடதாசி. ஐரோப்பிய வாசகர் இதனைக் கதையின் ஒரு சிறு உத்தியாகவே கடந்திருப்பர். மலையகத்து வாசகர் அவ்வாறு கடக்கவியலாது. 1964-க்குப் பின், ஒரே காம்பராவில் இருந்த கணவனுக்கு ஒரு நாட்டினதும் மனைவிக்கு மறு நாட்டினதும் விண்ணப்பம் என்றாகி, எந்தக் கடதாசி முதலில் வரும் என்று காத்திருந்த குடும்பங்களுக்குப் பிரசாவுரிமை கதைக்குள் வரும் உத்தியன்று. சி. வி. வேலுப்பிள்ளை தம் நூலொன்றுக்கு ‘நாடற்றவர் கதை’ எனப் பெயரிட்டார். மாடஸ்டியின் கதையையும் அத்தலைப்பின்கீழ் வைக்கலாம் என்றால் அது மிகையன்று.

ஆனால், நாடற்றவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதிலேதான் முரண்பாடு. அவள் ஒரு குற்றக்கும்பலுக்குத் தலைவியாகிப் பெருஞ்செல்வம் சேர்க்கின்றாள். அதன்பின் பிரித்தானிய உளவுத்துறை அவளது சேவையை நாடி வருகின்றது. எந்த அரசுகள் மனிதரை முகாம்களில் அடைத்தனவோ அத்தகைய அரசொன்றின் காரியங்களையே அவள் முடித்துத்தருகின்றாள். பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்கும் ஓவியக் கட்டங்களும் குறைவில்லை. இவற்றை மூடி மறைத்து அவளைப் பெண் விடுதலையின் சின்னமாகப் போற்றுதல் விமர்சனமாகாது. அதேவேளை, கார்வினோடு அவளுக்குள்ள தோழமை காதலாகவோ ஆண்டான் அடிமையாகவோ சரிந்துவிடாமல் இறுதிவரை நிற்பதையும் காணாதிருத்தல் தகாது. பெண்ணும் ஆணும் ஒரு வேலையைச் சமமாகச் செய்யும் காட்சி தமிழ் வெகுசன இலக்கியத்தில் எத்துணை அருமை என்பதை நினைத்தால், கொழுந்து மலையில் பெண்கள் உழைக்க, அவர்களை மேற்பார்க்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆண்களாகவே இருந்துவந்த சூழலின் மாணவிக்கு இக்கதையை மறுப்பது அநீதி. மேல்வகுப்பினருக்கு உரியது, ஆசிரியர் முன்னரே படித்துவிட்டுத் தெரிந்தெடுக்கவேண்டியது.

6

வேறு இரு தொடர்களைச் சுருக்கமாகக் கூறலாம். வான் ஹாம், வில்லியம் வான்ஸ் ஆகியோரின் பெல்ஜியத் தொடரை லயன் காமிக்ஸ் ‘இரத்தப் படலம்’ என வெளியிட்டது. பதினெட்டுப் பாகங்களின் தொகுப்பு 2010-இல் வந்தது. கரையொதுங்கிய ஒருவனுக்கு நினைவில்லை. உடம்பிலே பதின்மூன்று என்னும் உரோம இலக்கம் பச்சை குத்தப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பெயர் கிடைக்கின்றது. அடுத்த பாகத்தில் அது பொய்யாகின்றது. பெயருக்குப் பதில் இலக்கத்தைச் சுமக்கும் மனிதன் என்னும் கரு வலியது. ஆயின் பாகங்கள் பெருகப் பெருகச் சதிக்குள் சதியாக நீண்டு வாசகரைக் களைக்கச் செய்கின்றது. முதல் ஐந்து பாகங்கள் போதும்.

மற்றையது கேப்டன் டைகர். சார்லியே எழுதி ஜிரோ வரைந்த இப்பிரெஞ்சுத் தொடர் 1963-இல் தொடங்கியது. மூலத்தில் அவர் லெப்டினன்ட் புளூபெரி. தமிழிலே பதவியுயர்வும் பெற்றார், பெயரையும் இழந்தார். இப்பெயரிழப்பை நாம் பெரிதும் வருந்துகின்றோம். ஏனெனில் இத்தொடரின் உயிர்நாடி பெயரில்தான் உள்ளது. அவர் ஜோர்ஜியா மாநிலத்துப் பெருந்தோட்ட முதலாளி ஒருவரின் மகன். செய்யாத கொலைப்பழி சுமந்து ஓடுகையில் அவரைக் காப்பாற்றி உயிர்விடுபவன் தப்பியோடிய கறுப்பு அடிமை ஒருவன். வடபுலப் படையினர் பெயர் கேட்டபோது, கண்ணெதிரே கண்ட பழச்செடி ஒன்றின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிவிடுகின்றார். தோட்டத்தை உடைமையாகக் கொண்ட குலத்தின் பெயரைத் துறந்து, ஒரு செடியின் பெயரோடு அடிமைமுறைக்கு எதிரான படையில் நிற்கின்றார். பின்னர் அப்பாச்சேக்கள் அவருக்கு வேறொரு பெயரும் தருகின்றனர். மூக்கு உடைந்தவன் என்பது அதன் பொருள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருந்து இதனைப் படிப்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஒரு செடியைப் புலியாக்கி என்னத்தை மறைத்துவிட்டார் என்பது விளங்கும். வீரத்துக்குப் புலிதான் வேண்டும் என்பது ஒரு பழைய மயக்கம்.

இந்நால்வரிடத்தும் பொதுவாக ஒரு குறை காணப்படுகின்றது. நால்வரும் ஒவ்வொரு காலத்தில் அரசின் இரகசியப் படைக்கோ இராணுவத்துக்கோ வேலை செய்பவர்கள். புறத்தியாரை நாயகராக்கும் வணிகச் சித்திரக்கதை, அவர்களை ஏதோ ஒரு வழியிலே உள்ளே இழுத்துக்கொண்டே ஓய்கின்றது. ஒருவர் தனித்துத் தப்புகின்றார். அவரோடு முகாமில் இருந்த ஏனையோர் முகாமிலேயே இருக்கின்றனர். முதலாளித்துவச் சமுதாயம் தன்னால் புறந்தள்ளப்பட்டோரைப் பற்றிக் கனவு காணும் முறை அதுவே. கனவேனும் காண்கின்றதே என்பதற்காக இவற்றைப் பரிந்துரைக்கின்றோம். அங்கேயே நின்றுவிடுதல் போதாது.

7

வணிக எல்லைக்கு வெளியே வேறொரு மரபு அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. அம்பேத்கரின் வாழ்வில் தீண்டாமை அனுபவங்களைச் சொல்லும் ‘பீமாயணம்’ (2011) அதில் முதன்மையானது. அதனை வரைந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகிய கோண்டு பழங்குடி ஓவியர், பாத்திரங்களைச் சதுரக் கட்டங்களுக்குள் அடைக்க மறுத்தனர். அடைத்தால் அவர்களுக்கு மூச்சுவிட இடமிராது என்பது அவர்தம் கருத்து. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்தைத் தூரத்திலிருந்து கண்டவர்கள், சித்திரக்கதைப் பக்கத்தின் கட்ட வரிசையை ஒருகணம் நினைக்காதிரார். கட்டத்தை உடைத்து வரைவது வெறும் அலங்காரமன்று என்பதை விளக்க ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. மேற்கூறிய நான்கையும் விட இதனை முதலில் வாங்குக என்பதே எம் பரிந்துரை. மர்ஜான் சத்ரபி ஈரானில் கழிந்த தம் சிறுபராயத்தை வரைந்த நூலும் ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’ எனத் தமிழில் விடியல் பதிப்பக வெளியீடாக உள்ளது.

அண்டையிலிருக்கும் ஒன்றையும் நாம் பார்க்கத் தவறியுள்ளோம். ஜி. எஸ். பெர்னாண்டோ 1951-இல் ‘லங்காதீப’ பத்திரிகையில் வரைந்த ‘நீலா’விலிருந்து சிங்களத்தில் ஒரு சித்திரக்கதை மரபு உண்டு, 1970-களில் அதற்கெனவே வாரப் பத்திரிகைகள் வெளிவந்து பெருந்தொகையாக விற்பனையாயின. கமிலஸ் பெரேராவின் கஜமனும் சிரிபிரிஸும் வீரரல்லர். சிரிபிரிஸ் அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் மடக்கும் சாதாரண மனிதன். அட்டன் கடைத்தெருவில் சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே வாங்கில் இருந்து தேநீர் அருந்துகின்றனர். ஒருவரின் சிரிப்பை மற்றவர் அறியார். சிரிபிரிஸைத் தமிழில் கொணர்வது இனங்களின் ஒற்றுமை பற்றிய பல மகாநாட்டுத் தீர்மானங்களைவிடப் பயன் தரலாம்.

இறுதியாக, மலையகம் இன்னும் வரையாத கதைகளுக்கு வருவோம். சித்திரக்கதைக்கு வேண்டிய மாறுவேடம், தப்பியோடல், துரத்தல் யாவும் இங்கே வரலாறாகவே உள்ளன. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் என்றிருந்த தோட்டங்களுக்குள் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியின் வேடத்தில் மூட்டையோடு நுழைந்தார். 1931-இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். சாரல்நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ (1988) இவ்வாழ்க்கையைத் தொகுத்துத் தந்து பல ஆண்டுகளாயின. மீனாட்சியம்மை தாம் இயற்றிய பாடல்களைக் கூட்டங்களிலே பாடித் தொழிலாளரைத் திரட்டினார். பாட்டை எந்தக் குமிழுக்குள் அடைப்பது என்பது ஓவியர் தீர்க்கவேண்டிய சிக்கல்; வியாம் தம்பதியினர் அதற்கு வழி காட்டியிருக்கின்றனர்.

முகமூடி வீரருக்கு நேர்மாறான வெள்ளையரும் இம்மலைகளில் ஒருவர் இருந்தார். மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் 1936-இல் துரைத்தொழில் பழகுவதற்காக மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தார். இத்தகைய பயிற்சித் துரைமாருக்கு ‘கிரீப்பர்’, அதாவது படர்கொடி, என்று பெயர். தொழிலாளரின் நிலைமையைக் கண்ட அவர் பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3-இல் நாவலப்பிட்டியிலே, கமலாதேவி சட்டோபாத்தியாயாவும் பங்குகொண்ட கூட்டத்தில், தோட்டத் தொழிலாளர் முன் தோட்ட முதலாளிமாரைக் கண்டித்துப் பேசினார். அம்மாதமே அவரை நாடுகடத்தத் தேசாதிபதி ஆணையிட்டார். குறித்த நாளில் அவர் கப்பலேறவில்லை, தலைமறைவானார். மே 5-இல் காலிமுகத் திடலின் பெருங்கூட்டத்தில் பொலிஸாரின் கண்ணெதிரே மேடையில் தோன்றினார். மே 18-இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு கற்பனைச் சித்திரக்கதை ஆசிரியர் இதைவிடச் சிறப்பாகத் திட்டமிட்டிருக்க முடியாது.

ஆனால், இதனை வரைய முன்வருபவர் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கும். பிரேஸ்கேர்டிலை நடுவில் நிறுத்திப் பெரிதாக வரைந்தால் மீண்டும் காட்டுமக்களைக் காக்கும் வெள்ளையரே கிடைப்பார், முகமூடிதான் இராது. நாவலப்பிட்டிக் கூட்டத்துக்கு அன்று தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குத் திரும்பிப் போய்ப் பிரட்டிலே நிற்க வேண்டியிருந்தது. 1940 ஜனவரி 10-இல் முல்லோயாவில் பொலிஸ் குண்டுக்குப் பலியான கோவிந்தன் அத்தகையோருள் ஒருவர். சித்திரக்கதை ஓவியர்கள் கூட்டத்தை வரையும்போது முன்வரிசையில் நான்கு முகங்களைத் தீட்டிவிட்டுப் பின்வரிசையைப் புள்ளிகளால் நிரப்புவது வழக்கம். நேரத்தை மீதப்படுத்தும் தொழில் உத்தி அது. நாவலப்பிட்டிக் காட்சிக்கு ஓவியர் எத்தனை முகங்களை வரைகின்றார், அவற்றுள் எத்தனைக்குச் செக்றோலுக்கு வெளியே ஒரு பெயர் கொடுக்கின்றார் என்பதைக் கொண்டே அந்நூலை நாம் மதிப்பிடுவோம்.